எரிந்த ஏடும் எரியாத வினாவும்

பல நாள் முயன்று எழுதிச் சேர்த்த குறிப்பேடு தொலைந்துபோனால், அதனுடன் சிந்தனையும் தொலைந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். புதிதாக எழுதினால் முன்னதைவிடச் சிறப்பாக அமையும் என்று ஆறுதல் கூறுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் முழுமையானவை அல்ல. ஏட்டோடு அழிவது எது, எழுதியவரிடம் எஞ்சுவது எது எனப் பகுத்தறிபவரே மீண்டும் தொடங்க வல்லவர். இயற்கை அறிவியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

கடல் நடுவே தீ

பிரித்தானியரான வாலஸ் 1848 முதல் 1852 வரை அமேசான், ரியோ நீக்ரோ ஆற்றுப்பகுதிகளில் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். செல்வக் குடியில் பிறக்காத அவர், அவற்றை விற்றே பயணச் செலவை ஈடுகட்டினார். தாயகம் திரும்பும் வழியில், 1852 ஆகஸ்டு 6 அன்று அவர் சென்ற 'ஹெலன்' என்னும் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த உயிரின மாதிரிகளும் நாட்குறிப்புகளும் பெரும்பாலும் அழிந்தன. சிறு தகரப் பெட்டி ஒன்றில் மீன்கள், பனைகள் ஆகியவற்றின் ஓவியங்களும் சில குறிப்புகளும் மட்டுமே தப்பின. திறந்த படகில் பத்து நாள் தத்தளித்த பின்னரே மற்றொரு கப்பல் அவரை மீட்டது.

இழந்ததும் எஞ்சியதும்

இவ்விழப்பைச் சிறிதென்று கூறுதல் பொருந்தாது. எந்த உயிரினம் எந்நாளில் எவ்விடத்தில் கிடைத்தது என்பதை நினைவு மட்டும் முழுமையாகக் காத்துத் தராது. 1853இல் வெளியான தம் பயணநூலை, எஞ்சிய குறிப்புகளையும் கடிதங்களையும் நினைவையும் கொண்டே அவர் எழுத நேர்ந்தது.

ஆயினும் ஒன்று எரியவில்லை. பேராறுகளின் இரு கரைகளிலும் வெவ்வேறு குரங்கினங்கள் வாழ்வதை வாலஸ் கண்டிருந்தார். ஓர் இனத்தின் வாழிடம் எங்கே முடிகிறது, ஏன் அங்கே முடிகிறது என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. கரை சேர்ந்த சில மாதங்களிலேயே, 1852 டிசம்பரில், இலண்டன் விலங்கியல் கழகத்தில் இதுபற்றிய கட்டுரையை அளித்தார். உயிரினம் கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறிக்காமல் நாட்டின் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் போதாது என்றும் அதில் சுட்டினார்.

மீண்டும் முதலிலிருந்து

1854இல் மலாய்த் தீவுக்கூட்டத்திற்குப் புறப்பட்ட வாலஸ், அங்கே எட்டு ஆண்டுகள் புதிய குறிப்பேடுகளை நிரப்பினார். 1856இல் பாலித் தீவிலிருந்து குறுகிய நீரிணையைக் கடந்து லோம்போக் தீவை அடைந்தபோது, பறவையினங்கள் பெரிதும் மாறியிருக்கக் கண்டார். ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் அவ்வெல்லை இன்று 'வாலஸ் கோடு' எனப்படுகிறது. ஆற்றங்கரையில் எழுந்த வினா அவரைத் தீவுகள்வரை அழைத்துச் சென்றது. 1858இல் இயற்கைத் தேர்வு குறித்த அவரது கட்டுரை, டார்வினின் எழுத்துகளுடன் இலண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது.

தீ வாலஸை அறிஞராக்கவில்லை. தீக்கு முன்பே அவரிடம் இருந்த தேடலே அவரை அறிஞராக்கியது. எனவே, தரவுகளைப் படியெடுத்துக் காப்பது கடமை. அதையும் மீறி ஏடு தொலைந்தால், பழைய வரிகளைத் தேடித் தவிப்பதைவிட, அவ்வரிகளை எழுதத் தூண்டிய வினாவைப் புதிய ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதுவதே அறிவுடைமை.