முகவீணை இரைச்சலா?

'இது இசையல்ல, வெறும் இரைச்சல்' என்ற தீர்ப்பைச் சோதனை இசை கேட்பவர்கள் ஒருமுறையேனும் எதிர்கொண்டிருப்போம். 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். 1952-இல் ஜான் கேஜின் '4 நிமிடம் 33 விநாடி'யை, பியானோவின் ஒரு கட்டையைக்கூட அழுத்தாமல், முதன்முதலாக நிகழ்த்தியவரும் அவரே. அகமதாபாத்தில் கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா முதலியோர் செய்த நாடாப் பதிவுகள் நெடுங்காலம் கிடப்பில் கிடந்து 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. முதல் முறை கேட்கையில் நாம் ராகத்தைத் தேடித் தோற்கிறோம். மூன்றாம் முறை, ஒரு கரகரப்பு எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பு தொடங்கும் இடத்தில் இரைச்சல் இசையாகிவிடுகிறது என்பதே நம் கட்சி.

இதில் அந்நியமாக எதுவுமில்லை. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே 'ஜீவா' என்ற நூலைச் செருகுகிறோமே, எதற்கு? தெளிவான நாதத்தில் ஒரு ரீங்காரத்தைக் கலப்பதற்குத்தான். குச்சி மிருதங்கத்தில் வலந்தலைத் தோல்களுக்கிடையே குச்சித் துணுக்குகளை வைப்பதும் அதே காரணத்தால். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. வலந்தலை நடுவே அப்பும் கருஞ்சாந்து அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இலேயே எழுதினார்கள். ஆக, ஒரே வாத்தியத்தில் சாந்து இரைச்சலைக் குறைக்கிறது, குச்சி அதைக் கூட்டுகிறது. எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது தோல் வேலை செய்பவரின் காது. (அவர் பெயர் கச்சேரி அழைப்பிதழில் வருவதில்லை.)

இப்படிப் பழகிய செவியோடு உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துக்குப் போகலாம். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம். எல்லாவற்றுக்கும் மேலே முகவீணை. ஒரு முழம்கூட இல்லாத சீவாளி வாத்தியம். கிறீச்சென்று நாதம் கிழிந்துகொண்டே போகும். திறந்தவெளியில், நள்ளிரவில், உச்சக் குரலில் பாடும் கட்டைக்கூத்துக்காரரோடு ஈடுகொடுக்க அந்தக் கூர்மை வேண்டும். கூத்தாடி மூச்சு வாங்கும் இடைவெளியை அது நிரப்பும். கதை இருளும்போது அதன் நடுக்கமே போதும்.

எலெக்ட்ரிக் கிதாரின் ஊளையை 'அற்புதமான ஒலிவெளி' என்று எழுதும் நம் நண்பர்கள் சிலர், இதைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பறையும் அவர்களுக்குச் சாவு வீட்டுச் சத்தம்தான். அங்கே கோடு கிழிப்பது செவியல்ல. யார் வாசிக்கிறார், எந்தத் தெருவில் வாசிக்கிறார் என்ற கணக்கு. அந்தக் கணக்கை மறைத்துக்கொண்டு கேஜைப் பற்றிப் பேசுவது நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

ஆர்மோனியம் போதும் என்று குழுக்கள் நினைக்கத் தொடங்கியதால் முகவீணைக்காரர்கள் அருகி வருகிறார்கள். 1990-இல் பெருங்கட்டூர் ராஜகோபால் முதலானோர் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் சிறுவர்களுக்கென நடத்திய குருகுலமும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அடுத்த பருவத்தில் கூத்துக்குப் போகும் வாசகர்கள் குழாய் ஒலிபெருக்கியின் கீழே உட்கார வேண்டாம். அதன் பிளிறல் வேறு. வாத்தியக்காரர்களின் பெஞ்சுக்குப் பக்கமாக, முகவீணையின் வாய்க்கு நேரே இடம்பிடியுங்கள். இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும், இடம் கிடைக்கும்.