போஸ்டருக்கு அடியில் ஒரு துண்டுத்தாள்

சென்னையிலிருந்து பண்டலாக வந்திறங்கும் போஸ்டரில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்காது. உள்ளூர் அச்சகத்தில் அடித்த துண்டுத்தாளைத்தான் அதன் அடியில் ஒட்டுவார்கள். தியேட்டர் பெயர், தினசரி 4 காட்சிகள், ஏசி. அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மைதாப் பசை வாளியை டிவிஎஸ் 50-இல் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர், பழைய போஸ்டர் மேலேயே பசையை இழுத்து, மடிப்பு விழாமல் துடைப்பத்தால் நீவிவிட்டு, கடைசியாக அந்தத் துண்டை ஒட்டுவார். பிறகு அடுத்த சுவர். ஒரு புதுப்படத்தைப் பற்றி எங்கள் ஊர் தியேட்டர் தன் வாயால் சொல்வது அந்தத் துண்டுத்தாளில் இருப்பது மட்டும்தான். பெரிய நடிகரின் படத்துக்கு அது போதும். கதையை மட்டுமே நம்பி வரும் படத்துக்குப் போதவே போதாது.

2024 ஆகஸ்ட் 23 அன்று பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ வெளியானது. பேய் பிடித்துவிட்டதாக எல்லோரும் நம்பும் ஒரு பெண்ணை, முறைமாமனும் உறவுக்காரர்களும் ஆட்டோவில் ஏற்றிக் குறி சொல்பவரிடம் அழைத்துப்போகிறார்கள். அந்தப் பயணம்தான் படம். பின்னணி இசை கிடையாது. முடிவையும் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறார் இயக்குநர். எங்கள் பக்கத்தில் அதற்கு வந்தவர்களில் பாதிப்பேர், மே மாதக் கடைசியில் வந்த ‘கருடன்’ பார்த்துவிட்டு, இதிலும் நாயகனான சூரிக்காக வந்தவர்கள். இடைவேளையில் டீக்கு நின்றபோது பக்கத்திலிருந்த இளைஞர் கேட்டார்: “அண்ணே, பைட்டு இனிமேதான் வருமா?”

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இது என்ன மாதிரியான படம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வராமலும் போயிருக்கலாம். ஆனால் அவருக்குப் பதிலாக, அந்தப் படத்துக்காகவே காத்திருந்த இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நூலகத்தில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள், ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கிறார்கள். படம் வந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியவந்தபோது படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

முன்பெல்லாம் பிட் நோட்டீஸ் என்று ஒன்று இருந்தது. மைக் கட்டிய வண்டியிலிருந்து வீசுவார்கள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவோம். அந்த ரோஸ் நிறத் தாளில் கதையைப் பாதிவரை சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்தியிருப்பார்கள். அதைப் படித்தவருக்கு இது அழவைக்கும் படமா, சிரிக்கவைக்கும் படமா என்று தெரிந்துவிடும். பார்ப்பவருக்குச் செய்த மரியாதை அது. இன்றைய டீசர், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தும் பல நேரங்களில் அந்த ஒரு தாள் சொன்னதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் அப்போது இருந்தது: அவகாசம். பிலிம் பிரிண்டுக்குச் செலவு அதிகம், போடும் பிரிண்டுகளும் குறைவு. மதுரையிலும் திருச்சியிலும் ஓடிய பிறகுதான் அதே பெட்டி எங்களைப் போன்ற ஊர்களுக்கு வரும். அதற்குள், சாமான் வாங்க மதுரைக்குப் போன யாரோ படத்தைப் பார்த்துவிட்டு வந்து தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்கள். பேச்சு முன்னால் வரும், பெட்டி பின்னால் வரும். 1980-இல் ‘ஒரு தலை ராகம்’ புதுமுகங்களை வைத்துக்கொண்டு அத்தனை நாள் ஓடியது அந்தப் பேச்சால்தான். 1999 டிசம்பரில், விநியோகஸ்தர்கள் தயங்கியதால் சில தியேட்டர்களில் மட்டும் வெளியான ‘சேது’வும் அப்படித்தான் நூறு நாளைக் கடந்தது. இன்று டிஜிட்டலில் ஒரே வெள்ளிக்கிழமை எல்லா ஊரிலும் படம் இறங்குகிறது. ஒருவர் சொல்லி இன்னொருவர் போவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடுகிறது. கூட்டம் இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். அதிலும் சின்னப் படத்துக்குக் கொடுப்பது பதினொன்றரை மணிக் காட்சி. வேலைக்குப் போகிறவரும் வீட்டுப் பெண்களும் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? வரமுடியாத நேரத்தில் படத்தைப் போட்டுவிட்டு, வரவில்லை என்று கணக்குக் காட்டுவது நியாயமே இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. 2025 மே 1 அன்று, சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. அபிஷன் ஜீவிந்துக்கு அதுதான் முதல் படம். ரிலீசுக்கு முன்பே பத்திரிகையாளர்களுக்கும் திரைத்துறையினருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பேச்சு மறுபடியும் படத்துக்கு முன்னால் வந்தது. படம் வாரக்கணக்கில் ஓடியது. அந்த வேலையைச் சென்னையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ஊரிலும் செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. புதன்கிழமை மேட்னிக்குத் தியேட்டர் எப்படியும் காற்றாடுகிறது. தயாரிப்பாளரின் சம்மதத்தோடு அந்த ஒரு காட்சிக்கு ஊரில் பேசுகிறவர்களைக் கூப்பிடலாம்: டீக்கடைக்காரர், மகளிர் குழுத் தலைவிகள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், தமிழ் ஆசிரியர்கள், அழகுநிலையம் நடத்தும் பெண்கள், நூலக வாசகர் வட்டத்தார். இவர்களில் ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரிடம் பேசுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். எந்த விளம்பரமும் அவர்கள் சொல்லுக்கு ஈடாகாது.

படம் பிடிக்காவிட்டால் அதையும் அவர்கள் சொல்லட்டும். 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்கள் ரசிகர் கருத்து எடுப்பதைத் தடுக்கும்படி தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. காசு போட்டவரின் பயம் புரிகிறது. ஆனால் நட்சத்திர பலம் இல்லாத படத்தை, அதைப் பார்த்தவரின் வாய்தான் காப்பாற்றும். அந்த வாயை மூடினால் அதற்கு வேறு துணையே இல்லை.

‘கொட்டுக்காளி’ எடுத்த வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். மேலூர்ப் பக்கத்து வெயிலையும் வறட்சியையும் காட்டும் அந்தப் படத்தை மேலூர்க்காரர்கள் ஊர் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கவில்லை. 2023-இல் அது நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

தியேட்டர் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், துண்டுத்தாளில் கதையை இரண்டு வரி சேர்த்து அடியுங்கள். ஒரு வாரத்துக்காவது சாயங்காலக் காட்சி ஒன்றைக் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: ஓடிடியில் வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் மூன்று நாளுக்குள் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் நாலு பேருக்குப் போன் செய்து, எந்தத் தியேட்டர், எத்தனை மணிக் காட்சி என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.