கரண்ட்டை வெட்டவே நோட்டீஸ் வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு வேண்டாமா?

நீங்கள் சென்னையில் வேலையில் இருக்கிறீர்கள். அப்பா அம்மா பரளச்சியில். அவர்களுக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்று. பாலிசி அப்பா பெயரில், நம்பரும் அவருடையதுதான். மார்ச் 31-ல் முடிகிறது. ஏப்ரல் 10-ம் தேதி அப்பாவுக்கு நெஞ்சுவலி. அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து மதுரை. பில் கட்டும்போதுதான் தெரிகிறது, பாலிசி உயிரோடு இல்லை.

“மெசேஜ் எதுவும் வரலையாப்பா?”

“என்னமோ ரெண்டு மூணு வந்துச்சுய்யா. எல்லாம் இங்கிலீஷு. லோன் தர்றோம்னு வருமே, அதுன்னு நெனச்சு விட்டுட்டேன்.”

இது கற்பனைதான். ஆனால் கரிசக்காட்டு ஊர்களில் பெற்றோரை விட்டுவிட்டு வந்த யாருக்கும் நடக்கலாம். இதில் தப்பு யார் மேல்?

விதி என்ன சொல்கிறது?

பிரீமியம் வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது என்பது 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. அதன் மேல்தான் சலுகைக் காலம் வருகிறது. மாதாமாதம் கட்டுபவர்களுக்கு 15 நாள், மற்றவர்களுக்கு 30 நாள். அதற்குள் கட்டினால் காத்திருப்புக் காலம் போன்ற பழைய பலன்கள் அறுந்துபோகாது.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு வித்தியாசம் உண்டு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, தவணையில் கட்டுபவருக்குச் சலுகைக் காலத்திலும் காப்பீடு இருக்கும். ஆண்டுக்கு ஒரே தடவையாகக் கட்டுபவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஏப்ரல் 12-ல் பணம் கட்டினால் பாலிசி தொடரும். 10-ம் தேதி வந்த நெஞ்சுவலிக்குப் பணம் வராது. மொத்தமாகக் கட்டியவருக்குத்தான் நஷ்டம்!

30 நாளும் தாண்டினால் புதுப் பாலிசிதான். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு மறுபடி 36 மாதம் வரை காத்திருக்க நேரலாம். அந்த வயதில் பாலிசி கொடுப்பார்களா என்பதே கேள்வி.

நோட்டீஸ் கட்டாயமா?

இங்கேதான் சிக்கல். 2020-ல் வந்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பொதுப் பாலிசியின் வாசகத்தைப் பாருங்கள். புதுப்பித்தல் அறிவிப்பு அனுப்ப நிறுவனம் முயற்சி செய்யும். ஆனால் அனுப்பியே தீர வேண்டிய கடமை கிடையாது என்பதே அதன் சாரம். பிரீமியத்தையோ நிபந்தனையையோ மாற்றினால் மட்டும் 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும்.

மின்சாரத்தோடு ஒப்பிடுங்கள். பில் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்க, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி 15 நாள் முன்னதாக எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தர வேண்டும். ஃபேன் நிற்பதற்கு இருக்கும் பாதுகாப்பு, ஐ.சி.யூ. பில்லுக்கு இல்லை. அமெரிக்காவில் அரசு மானியத்தோடு காப்பீடு எடுத்தவர் பிரீமியம் கட்டத் தவறினால் 90 நாள் அவகாசம் உண்டு. பாக்கி இருப்பதை நிறுவனம் தெரிவித்தாக வேண்டும்.

“கடைசித் தேதி பாலிசியிலேயே இருக்கிறதே, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அடுத்த ஆண்டு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதில் இருக்காது. வயது ஏற ஏற தொகை மாறும். அதை நிறுவனம்தான் சொல்ல வேண்டும். தொகையைச் சொல்பவருக்கு, அதை நேரத்தில் சொல்லும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: 30 நாள் முன்பே, தமிழில், புதுத் தொகையோடு, இரண்டு நம்பருக்காவது நோட்டீஸ் போக வேண்டும். அனுப்பியதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. நிரூபிக்க முடியாவிட்டால், ஆண்டுக் கட்டணக்காரருக்கும் சலுகைக் காலத்தில் காப்பீடு இருக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது

* பாலிசியில் இருப்பது யாருடைய நம்பர் என்று இன்றே பாருங்கள். ஏஜென்ட் நம்பரோ அப்பாவின் பழைய நம்பரோ இருந்தால் உங்களுடையதை மாற்றிக் கொடுங்கள்.
* ஆட்டோ டெபிட் போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வரும். கார்டு காலாவதியாகிவிட்டால் பணம் போகாது; கவனம்.
* 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்த, நிறுவனம் முதலில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யைக் கலந்தாலோசிக்க வேண்டும். இது 2025 ஜனவரி உத்தரவு.
* தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. பில்லில் 18 சதவீதம் இருந்தால் கேளுங்கள்.
* புகாருக்கு 155255. நிறுவனத்தின் பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் போகலாம்.

இன்று ராத்திரி ஊருக்கு போன் போடும்போது “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பீர்கள் அல்லவா? அப்படியே பாலிசி முடியும் தேதியையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.