ஹாங்காங்கில் மட்டும் கிருமி இல்லையா?

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பிழைப்பு போய்விடும், வயிற்று வழி டயாலிசிஸ் செய்யலாமா என்று சென்ற வாரம் அவர் மனைவி போய்க் கேட்டார். "ஒத்தை ரூம் வீடும்மா, கிருமி வந்துடும்" என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹாங்காங்கின் அரசு மருத்துவமனைகள் 1985 முதல் வயிற்று வழி டயாலிசிஸைத்தான் முதலில் தருகின்றன. டயாலிசிஸில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் வீட்டிலேயே டயாலிசிஸ் நீர்ப் பையை மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே என்ன எல்லோரும் பங்களாவிலா இருக்கிறார்கள்? இடநெருக்கடிக்கே பேர்போன ஊர் அது!

கிருமி சதுர அடி பார்த்து வருவதில்லை. பையை வயிற்றுக் குழாயோடு இணைக்கும் நேரத்தில் கழுவாத விரல் பட்டால் வருகிறது. குழாய் வெளிவரும் இடத்துத் தோலைக் கவனிக்காமல் விட்டால் வருகிறது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கைகழுவி ஈரம் போகத் துடைக்க எத்தனை அறை வேண்டும்? குழாய் வெளிவரும் இடத்தில் தினமும் மியூபிரோசின் களிம்பு தடவ மாடி வீடா வேண்டும்? 1980களிலேயே ஒய் வடிவக் குழாய் வந்துவிட்டது. இணைத்ததும் கொஞ்சம் நீர் குழாயைக் கழுவிக்கொண்டு கழிவுப் பைக்குப் போய்விடும், அப்புறம்தான் வயிற்றுக்குள் புதுநீர் இறங்கும். தொற்று வெகுவாகக் குறைந்தது அதனால்தான். இந்தத் தொற்றுக்கு இன்றைய சர்வதேச வழிகாட்டுதல் வைத்திருக்கும் வரம்பு, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 முறை. அதாவது இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை. ஏழை வீடு என்றாலே அழுக்கு என்று நினைப்பவர்கள் இதையெல்லாம் படிப்பதில்லை, ஹாங்காங்கையும் பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் மட்டும் கிருமி இல்லையா? கழுத்தில் குழாய் போட்டு ரத்த டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தத்திலேயே தொற்று ஏறுகிறது. டயாலிசிஸ் அறைகளில் ஹெபடைட்டிஸ் சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியிருக்கிறது. அந்த அம்மாவிடம் இதை யார் சொன்னார்கள்?

அரசுத் திட்டத்தின் லட்சணமும் இதுதான். பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் ரத்த டயாலிசிஸோடு தொடங்கியது. வயிற்று வழிக்கு வழிகாட்டுதல் வர 2019 ஆயிற்று. மிஷின் வந்தால் ரிப்பன் வெட்ட ஆள் வருகிறது. வீடுதேடிப் போய்ப் பை மாற்றக் கற்றுத்தரும் நர்ஸ் வேண்டுமென்று யார் கேட்கிறார்கள்? வயிற்றிலிருந்து வடியும் நீர் தொற்றால் கலங்கியிருந்தால் அந்தப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே வரவேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லிவைக்க வேண்டும். நடுராத்திரியில் கலங்கினாலும் போனை எடுக்க ஓர் ஆளை உட்கார வையுங்கள்.