கண் வைத்தியர் இடுப்பைப் பற்றி ஏன் கேட்கிறார்?

கண் சிவந்துவிட்டால் நம் வீடுகளில் உடனே தீர்ப்புப் பிறந்துவிடுகிறது: "மெட்ராஸ் ஐ." மறு நிமிஷம் பையன் மருந்துக் கடைக்கு ஓடுகிறான். போன வருஷம் அடுத்த வீட்டாருக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து வந்து சேர்கிறது. தீர்ப்புப் பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுவதால் வழக்கமும் வேரூன்றிவிட்டது. தவறும் சமயத்திலோ பார்வையே பறிபோகக்கூடும்.

மெட்ராஸ் ஐ என்றால் கண் உறுத்தும், நீர் வடியும், பீளை கட்டும். அப்படியின்றி, கருவிழியைச் சுற்றி வளையம்போல் சிவந்து, உள்ளே வலித்து, வெளிச்சம் கூசி, பார்வையும் மங்கினால் விஷயம் வேறு. இரத்தக் குழாய்கள் நிறைந்த கண்ணின் நடுப்படலம் அழன்றிருக்கலாம். இதை யுவைடிஸ் என்கிறார்கள். ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியால் வைத்தியர் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்துகிறார். ஓட்டு இடுக்கின் வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல், கண்ணின் முன்னறை நீரில் வெள்ளணுக்கள் மிதப்பது அவருக்குத் தெரிகிறது.

பிறகுதான், "காலையில் எழுந்ததும் இடுப்பு விறைத்திருக்கிறதா?" என்று கேட்கிறார். வந்தவருக்குக் கோபம் வருவது இயற்கையே. ஆனால் நடமாடினால் தளர்கிற அந்த விறைப்பு முதுகெலும்பு வாதத்தின் அடையாளம். அந்நோய் கொண்ட வாலிபர்களுக்குக் கண்ணும் அடிக்கடி அழலுவதுண்டு. நாட்பட்ட இருமலோ க்ஷயரோகத்தைச் சுட்டலாம்; ஓயாத வாய்ப்புண் வேறொரு வியாதியைக் காட்டலாம். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

மதுரையில் நடந்ததையே பார்க்கலாம். 1993-ம் வருஷக் கடைசியில் தென் தமிழ்நாட்டில் பெருவெள்ளம் வந்து வடிந்தது. அதன் பின்னர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு இவ்வகை அழற்சியுடன் பலர் வரலானார்கள். காரணம் எலிக் காய்ச்சல்! எலி, மாடு முதலியவற்றின் மூத்திரம் கலந்த நீரில் கால் வைப்பவரின் உடம்பில், தோலிலுள்ள சிறு கீறல் வழியே இக்கிருமி புகுந்துவிடுகிறது. காய்ச்சல் விட்டு வாரங்கள், மாதங்கள் சென்றபின் கண் அழலுகிறது. வந்த காய்ச்சலை அதற்குள் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? வைத்தியர்கள் இந்தத் தொடர்பை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம் என்றே கருதுகிறோம்.

சிகிச்சைக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து உண்டு. பாவை சுருங்கிப் பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க, அதை விரிக்கும் மருந்தும் விடுவார்கள். கிருமி காரணமானால் அதற்குரிய மருந்தும் வேண்டும். ஆனால் இதே ஸ்டீராய்டைக் கடையில் கேட்டு வாங்கி விட்டுக்கொள்வது விபரீதம். ஹெர்ப்பிஸ் கிருமியால் கருவிழியில் புண் இருந்தால் அது பரவும். நீடித்து விட்டால் கண்ணழுத்தம் ஏறும், புரையும் விழும். அடங்காத அழற்சிக்கு மெதோட்ரெக்ஸேட், அடலிமுமாப் போன்ற மருந்துகள் வந்திருக்கின்றன. அடலிமுமாப் கொடுக்குமுன் உடம்பில் க்ஷயம் ஒளிந்திருக்கிறதா என்று அவசியம் பார்ப்பார்கள். ஒளிந்திருந்தால் அது விழித்துக்கொள்ளும்.

குழந்தைகள் விஷயம் இன்னும் சூதானது. முழங்கால் வீங்கி வாத நோய் என்று தெரிந்த சிறு பெண்ணின் கண், சிவக்காமல், வலிக்காமல், வெளிக்கு வெள்ளையாகவே இருந்துகொண்டு உள்ளே கெட்டுப்போகலாம். அவளும் எதுவும் சொல்லமாட்டாள். எனவே அத்தகைய குழந்தையை, கண்ணில் குறை ஒன்றும் தெரியாவிட்டாலும், வைத்தியர் சொல்லும் தவணைப்படி, பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஸ்லிட் லாம்ப் பரீட்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.