சிவப்புக் கம்பியை மட்டும் நம்பாதீர்கள்!

'சிவப்புக் கம்பி நேர்முனை, கறுப்புக் கம்பி எதிர்முனை' என்று நாம் படிக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஒரு மாதிரி ரயிலுக்கு மின்னிணைப்புக் கொடுத்தால், நாம் திகைத்து நிற்க நேரிடும். நேர், எதிர் என்பவை கம்பிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் குணங்கள் அல்ல. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள உறவின் பெயர்கள். இந்த உண்மையை மனத்தில் பதிய வைக்க மாதிரி ரயிலைப் போன்ற ஆசிரியர் வேறு இல்லை என்பது என் கருத்து.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இந்த ரயில்களைப் பொழுதுபோக்காக அமைக்கின்றனர். பரவலாக உள்ள 'எச்.ஓ.' வகை வண்டி, உண்மையான வண்டியின் அளவில் 87இல் ஒரு பங்கு. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர் இடைவெளி. பழைய முறையில், சுமார் 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே எஞ்சினுக்குச் சென்று, மற்றதன் வழியே திரும்பும். முனைகளை மாற்றினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும். வலப்பக்கத் தண்டவாளம் நேர்முனையாக இருந்தால் எஞ்சின் முன்னோக்கிச் செல்ல வேண்டும் என்பது அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் விதி.

இப்போது ஒரு புதிர். கிழக்கு நோக்கி ஓடும் எஞ்சினைத் தூக்கி, முகத்தை மேற்காகத் திருப்பி, அதே பாதையில் வையுங்கள். அது எந்தத் திசையில் ஓடும்? 'மேற்கே' என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அது பின்பக்கமாக, மறுபடியும் கிழக்கே ஓடும்! எஞ்சின் திரும்பியதும் அதன் வலப்பக்கத்தில் இருப்பது எதிர்முனை அல்லவா? திசையைத் தீர்மானிப்பது எஞ்சினின் முகம் அன்று, தண்டவாளங்களின் உறவே.

அடுத்து, ரயில் ஒரு வளையத்தைச் சுற்றித் தான் வந்த பாதைக்கே திரும்பும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் வரைந்து, ஒரு தண்டவாளத்தைச் சிவப்புப் பென்சிலாலும் மற்றதை நீலப் பென்சிலாலும் தொடர்ந்து தீட்டிக்கொண்டே வாருங்கள். வளையம் முடியும் இடத்தில் சிவப்பு நீலத்தின்மீது போய் மோதும். உண்மையான பாதையில் இதுவே குறுக்குச் சுற்று. வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, வளையத்துக்குத் தனி இணைப்புக் கொடுத்து, ரயில் உள்ளே இருக்கும்போது முனைகளை மாற்றுவதே வழி. இன்றைய டிஜிட்டல் முறையில் எஞ்சினின் திசையைத் தண்டவாள முனைகள் தீர்மானிப்பதில்லை. ஆயினும் இந்த வளையச் சிக்கல் அங்கும் அப்படியே இருக்கிறது.

இனி 'கட்டம்' என்பதைப் பார்ப்போம். மாறுதிசை மின்னோட்டத்தில் நிலையான நேர்முனை கிடையாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு முனையும் விநாடிக்கு 50 முறை நேராகவும் 50 முறை எதிராகவும் ஆகிறது. பக்கத்தில் பக்கத்தில் ஆடும் இரண்டு ஊஞ்சல்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து முன்னே வந்தால் ஒரே கட்டம். ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போனால் எதிர்க் கட்டம்.

ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனத்தின் பழைய ரயில்கள் 16 வோல்ட் வரையான மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடின. பெரிய அமைப்பில் பாதையின் இரு பகுதிகளுக்கு இரண்டு மின்மாற்றிகள் இருக்கும். அவை ஒரே கட்டத்தில் இருந்தால், பகுதிகள் சந்திக்கும் இடத்தில் மின்னழுத்த வேறுபாடு இல்லை. எதிர்க் கட்டத்தில் இருந்தாலோ 32 வோல்ட்! எஞ்சின் அந்த எல்லையைக் கடக்கும்போது பொறி பறக்கும். ஜெர்மன் செருகியை இருவிதமாகவும் செருக முடியும் என்பதால், ஒரு செருகியைத் திருப்பிச் செருகினாலே கட்டம் சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு மின்மாற்றிகளும் தண்டவாளம் வழியே இணைந்திருக்கும்போது ஒன்றின் செருகியை மட்டும் பிடுங்கினால் என்ன ஆகும்? மற்றதிலிருந்து வரும் 16 வோல்ட் இதற்குள் நுழையும். மின்மாற்றி இருவழியும் வேலை செய்யும் கருவி. அந்த 16 வோல்ட்டை அது 230 வோல்ட்டாக உயர்த்திவிடும். கையில் இருக்கும் செருகியின் உலோகக் கால்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் நிற்கும்! எல்லா மின்மாற்றிகளையும் ஒரே பொது ஸ்விட்சில் இணைத்துச் சேர்த்தே அணைக்க வேண்டும் என்பது இதனால்தான். 'பிடுங்கிவிட்டேன், ஆகவே மின்சாரம் இல்லை' என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகிறது.

'இது வசதி படைத்தோரின் விளையாட்டு, நமக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். விளையாட்டில் எழும் இதே கேள்வி நாட்டின் மின்சாரத்திலும் எழுகிறது. தென்னிந்திய மின்தொகுப்பு 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள்தான் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒத்தியங்கத் தொடங்கியது. அப்படி இணைக்கும்போது இரு பக்கத்து ஊஞ்சல்களும் ஒன்றாக ஆட வேண்டும். அதிர்வெண்ணும் கட்டமும் பொருந்தாமல் ஸ்விட்சை மூடக் கூடாது. பொம்மை ரயிலின் எல்லையில் பறக்கும் பொறி, அங்கே பேரிழப்பாக முடியும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: முனைகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன், இரண்டு வண்ணப் பென்சில்களைக் கொடுத்து அந்த வளையத்தை வரையச் சொல்லுங்கள். ஒரு மின்கலமும் ஒரு சிறு பொம்மை மோட்டாரும் இருந்தால் முனை மாற்றத்தைக் கண்ணாலேயே காட்டலாம். மாணவர்களே, மின்மாற்றிச் சோதனையை மட்டும் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்க வேண்டாம். இனி எந்தக் கம்பியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: 'நேர் என்றால் எதைவிட? எந்தக் கணத்தில்?' இவற்றுக்கு விடை தெரியாதவரை, கம்பியின் நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள்.