நுரைத்தால் போதுமா?



எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கு இரண்டே பரீட்சைதான். பருப்பு வேக வேண்டும். சோப்பு நுரைக்க வேண்டும். இதில் தேறிய தண்ணீர் செடிக்கும் நல்லது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எங்கள் தக்காளிக் காட்டையே தின்றுவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். போன வருஷம் அப்பா கடன் வாங்கி போர் போட்டார். ஒரு பாட்டில் தண்ணீரை என்னிடம் நீட்டி, "நீதான் படிக்கிறியே சாமி, பாத்துச் சொல்லு" என்றார். நமது ஆய்வகத்தில் கடினத்தன்மை பார்த்தேன். லிட்டருக்கு 80 மில்லிகிராம். கடினத்தன்மை குறைவுதான்! "அருமையான தண்ணிப்பா" என்று பெருமையாகச் சொன்னேன்.

இரண்டே மாதத்தில் மண் சிமெண்டுத் தளம் போல இறுகியது. பாய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. செடிகள் வெளுத்துப் போயின. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காரத்தன்மை 400 மில்லிகிராம் என்று. அதை நான் பார்க்கவே இல்லை.

கணக்கு எளிதுதான். இரண்டு அளவுகளையும் 50-ஆல் வகுத்தால் 8-ம் 1.6-ம் வரும். கழித்தால் மிச்சம் 6.4. இந்த மிச்சம் 1.25-க்குள் இருந்தால் பாசனத்துக்கு நல்லது, 2.5-ஐத் தாண்டினால் ஆகாது என்று அமெரிக்க உவர் ஆய்வுக்கூடம் 1954-ல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. இப்படிப்பட்ட தண்ணீரில் பைகார்பனேட் மண்ணிலுள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடும். சோடியம் மட்டும் மிஞ்சும். அது களித்துகள்களைப் பிரித்து மண்ணின் கண்களை அடைத்துவிடும். வேருக்குக் காற்றும் கிடைக்காது. சோப்புக்குப் பகையான கால்சியம்தான் மண்ணுக்கு நண்பன்! இது தெரியாமல்தான் நான் மார்தட்டினேன்.

தப்பு தண்ணீர் மேல் இல்லை. என் கேள்வி மேல்தான். "நல்ல தண்ணீரா?" என்று கேட்டேனே தவிர, "எதற்கு நல்ல தண்ணீர்?" என்று கேட்கவில்லை. மார்க்குக்காகச் செய்த செய்முறை அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தது.

ஆகவே என் கருத்து இதுதான். நம்மில் பலர் காட்டு வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள். பருவத்துக்கு ஒரு நாள் நமது ஆய்வகத்தை விவசாயிகளின் பாட்டில்களுக்குத் திறந்துவிட வேண்டும். மாணவர் மன்றம் இதை முன்னின்று நடத்தட்டும். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிப் பிடித்துவரச் சொல்வோம். கடினத்தன்மை, காரத்தன்மை, மின்கடத்துதிறன் மூன்றையும் பார்ப்போம். சந்தேகம் வந்தால் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவோம். போர் போட்ட கையோடு, நாற்று நடும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

இப்போது எங்கள் காட்டில் ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதிருக்கிறோம். மழைநீரைத் தேக்கி, போர்த் தண்ணீரோடு கலந்து விடுகிறோம். மண் மெல்ல இளகுகிறது. கடன் இன்னும் இளகவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவ முழுசாப் பாரு சாமி" என்றார். அந்த ஒரு சொல் நமக்கெல்லாம் பாடமாகட்டும். அரைகுறையாய்ப் பார்த்துச் சொல்வதைவிட, "தெரியலைங்க, பாத்துச் சொல்றேன்" என்பதே படித்தவனுக்கு அழகு.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– இறுதியாண்டு மாணவன்,
அமைப்பியல் துறை